சினிமாவில் வரும் காடும் வாச்சாத்திப் பெண்களும்

(திருமுருகன்பூண்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, கடன், தணிக்கை என்று பேசுகிற இடத்தில் சினிமாவுக்கு என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நம்ம லைன் வீடுகளில் ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கமிருந்து வந்து பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பெண்களையும் குழுவில் சேர்க்கலாமா என்று கேட்டபோது, "அவங்க ஊர்ல துப்பாக்கி வெச்சுட்டு காட்டுக்குள்ள சுத்துறவங்க இருக்காங்களாமே, எப்படிங்க நம்பறது?" என்று சில குழுக்களில் சொன்னார்கள். யார் சொன்னது என்று கேட்டோம். "படத்துல பார்த்தோமே!" என்றார்கள்.

இந்த பயம் நமக்குப் புதுசு இல்லை. நம்ம கோயிலில் வேடுபறி உற்சவம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சேரமான் பெருமாள் கொடுத்த பொன்னோடு சுந்தரர் இந்த வழியாக வருகிறார், வேடர்கள் மறித்துப் பறித்துக்கொள்கிறார்கள். வேடர் என்றால் வழிப்பறி என்று நம்ம மனசில் நின்றுவிட்டது. ஆனால் கதைப்படி பறித்தது வேடர் இல்லை! சிவபெருமான் அனுப்பிய பூதகணங்கள், வேடர் வேஷம் போட்டு வந்தன. வேஷத்தைத்தான் நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சினிமாவிலும் அதுவே நடக்கிறது.

1991-ல் விஜயகாந்த் நடித்த 'கேப்டன் பிரபாகரன்' வந்தது. வீரப்பனை நினைத்து எடுத்த படம் என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். காடு, மீசை, துப்பாக்கி, அதைப் பிடிக்க வரும் அதிகாரி. அடுத்த வருஷம், 1992 ஆகஸ்டில், 'ரோஜா'. காஷ்மீரில் ஆயுதம் ஏந்தியவர்கள் கடத்திப்போன கணவனுக்காக ஒரு கிராமத்துப் பெண் போராடுகிறாள். நல்ல பாட்டு, நாமும் ரசித்தோம். ஆனால் அவள் பிறந்த ஊர் அருவியும் வயலும் ஆட்டமுமாகவே இருக்கிறது. அந்த ஊரில் யாருக்காவது கடன் இருந்ததா? ரேஷன் கடை இருந்ததா? காஷ்மீரில் அந்தப் பையன்கள் ஏன் துப்பாக்கி எடுத்தார்கள் என்பதற்கும் அதிக நேரம் இல்லை. கிராமம் என்றால் அழகு, காடு என்றால் ஆபத்து. ரொம்ப நாளைக்கு இந்த இரண்டு படம்தான் நமக்குக் காட்டப்பட்டது.

வெற்றிமாறன் எடுத்த 'விடுதலை' வேறு மாதிரி. முதல் பாகம் 2023 மார்ச் 31-ல் வந்தது, இரண்டாம் பாகம் 2024 டிசம்பரில். ஜெயமோகன் எழுதிய 'துணைவன்' என்ற கதையை வைத்து எடுத்தது. மலையில் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி வருகிறது, எதிர்த்து ஒரு ஆயுதக் குழு, அதைப் பிடிக்க போலீஸ் முகாம். இதில் எங்களுக்குப் பிடித்த விஷயம், கதையை சூரி நடித்த குமரேசன் என்கிற கடைநிலைக் காவலர் வழியாகச் சொன்னதுதான். கரடி அடித்த ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றி உதவியதற்காக மேலதிகாரி அவரை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார். அவர் மறுக்க, தண்டனை கொடுத்து வாட்டுகிறார்கள். துப்பாக்கி பிடித்த இரண்டு பக்கத்திலும் ஏழை வீட்டுப் பிள்ளைதான் நிற்கிறான் என்பது அதில் தெரிகிறது.

இன்னொன்றும் நேர்மையாக இருக்கிறது. படம் தொடங்கும்போதே குண்டு வெடித்து ரயில் கவிழ்ந்து கிடக்கிறது. நம் ஊரில் நிஜமாகவே நடந்ததுதான். 1987 மார்ச்சில் அரியலூர் பக்கம் மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வைத்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது; இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அந்தப் பெட்டிகளில் இருந்தவர்கள் மந்திரியோ முதலாளியோ இல்லை. நம்மை மாதிரி டிக்கெட் எடுத்து ஏறியவர்கள். "ஏழைக்காகத்தான் குண்டு வெச்சாங்க" என்று படம் பார்த்துவிட்டு பெருமையாகப் பேசுகிற நம்ம பசங்களிடம் இதையும் சொல்ல வேண்டும்.

குறை என்ன என்றால், அதிலும் பெண்கள் வருவது சித்திரவதைக்குத்தான். ஊர்ப் பெண்களை ஸ்டேஷனில் வைத்துத் துன்புறுத்தும் காட்சி பார்க்க முடியாத அளவுக்கு இருக்கிறது. அந்தப் பெண்கள் அடுத்த நாள் என்ன செய்தார்கள்? அடுத்த வருஷம்? கேமரா வாத்தியார் பின்னாடியே போய்விடுகிறது. இரண்டாம் பாகத்தில் அவர் பேசுகிற பேச்சு, நம்ம ஆண்டறிக்கை வாசிக்கிறதை விட நீளம்!

வறுமை என்றால் என்ன என்று இந்தக் கூட்டத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மழை தவறினால் ஆடு விற்கிறது, ஆடு விற்றால் நகை அடகு, அடகு மூழ்கினால் கந்துவட்டி, அப்புறம் குடும்பத்தோடு பஸ் ஏறுகிறது. தர்மபுரியிலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் அப்படி வந்தவர்கள் இங்கேயே பாதிப்பேர் இருக்கிறீர்கள். ஜார்க்கண்டில் இருந்து வந்தவளும் அதே கணக்கைப் போட்டுத்தான் ரயில் ஏறியிருக்கிறாள். அவள் ஊர்க் காட்டில் துப்பாக்கி இருந்திருந்தால், அதற்கு பயந்து ஓடிவந்தவளாகவும் இருக்கலாம். ராத்திரி காட்டுக்காரன் சோறு கேட்பான், பகலில் "ஏன் சோறு போட்டாய்" என்று போலீஸ் கேட்கும். நடுவில் நிற்பது அடுப்பங்கரையில் இருக்கிறவள்.

இது வடக்கே மட்டும் நடப்பதும் இல்லை. நமக்கு அவிநாசி, புளியம்பட்டி தாண்டினால் சத்தியமங்கலம். வீரப்பனைத் தேடுகிறோம் என்று அதிரடிப்படை அங்கே மலை மக்களைப் பிடித்துப்போய் அடித்த புகார்களை விசாரிக்க சதாசிவா குழு அமைத்தார்கள். 2007-ல் 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம். வீரப்பன் கதை படமாகவும் சீரியலாகவும் பல தடவை வந்துவிட்டது. இந்த 89 பேரில் ஒருவர் பேராவது நமக்குத் தெரியுமா?

'விடுதலை' பார்த்தவர்கள் பலரும் வாச்சாத்தி என்று ஒரு பேர் சொன்னார்கள். அது தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கம், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் மலைவாழ் மக்கள் ஊர். அங்கே ஆயுதக் குழு எதுவும் இல்லை, பிரச்சினை சந்தனக்கட்டை. 'ரோஜா' வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1992 ஜூன் 20-ஆம் தேதி, கடத்தல் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் இறங்கினார்கள். மூன்று நாள். வீடுகளை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், குடிக்கிற கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் 15 ஆண்களையும் கைது செய்தார்கள். தப்பியவர்கள் மலையில் ஒளிந்தார்கள்.

அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்றுதான் அரசுத் தரப்பில் முதலில் சொன்னார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கை எடுத்தன. 1995-ல் உயர் நீதிமன்றம் சொல்லி சிபிஐ விசாரணை வந்தது. சீருடைக்காரர்களை வரிசையாக நிறுத்தி, "யார் உன்னைக் கெடுத்தது, காட்டு" என்றபோது அந்தப் பெண்கள் கை நீட்டிக் காட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். நம்மில் எத்தனை பேருக்கு பேங்க் மேனேஜர் முன்னால் நின்று பேசவே நாலு மாசம் ஆனது!

கூலி வேலையை விட்டுவிட்டு, பஸ்ஸுக்குக் காசு தேடி, கோர்ட்டுக்கு அலைந்தார்கள். கல்யாணம் நடந்தது, பேரன் பேத்தி பிறந்தது, வழக்கு மட்டும் முடியவில்லை. 269 பேர் மேல் குற்றச்சாட்டு. தீர்ப்பு வருவதற்குள் அவர்களில் 54 பேர் செத்தே போனார்கள். 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. ஒருத்தர்கூட விடுதலை ஆகவில்லை. அவர்கள் அப்பீல் போனார்கள். இன்னும் பன்னிரண்டு வருஷம். 2023 மார்ச்சில், 'விடுதலை' தியேட்டருக்கு வந்த அதே மாதம், உயர் நீதிமன்ற நீதிபதியே வாச்சாத்திக்கு நேரில் போய்ப் பார்த்தார். செப்டம்பர் 29-ல் தண்டனையை உறுதி செய்தார். 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தர வேண்டும், அதில் பாதியைக் குற்றம் செய்தவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று உத்தரவு.

2021-ல் வந்த 'ஜெய்பீம்' படத்தில் செங்கேணி என்ற இருளர் பெண் இப்படிக் கோர்ட் படி ஏறினாள். கர்ப்பிணியாக வக்கீலைத் தேடிப் போகிறவள் அவள்தான். போஸ்டரில் பெரிசாக இருந்தது சூர்யா.

இந்த மாதம் குழுக் கூட்டத்தில் சேமிப்பு வசூலித்து நோட்டில் ஏற்றியதும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். காடு, கிராமம், துப்பாக்கி வந்த படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் பெண்ணுக்குப் பேர் இருந்ததா, என்ன வேலை செய்தாள், என்ன கூலி வாங்கினாள், கடைசியில் என்ன ஆனாள் என்று பேசி, சொன்னதைத் தீர்மான நோட்டில் எழுதிக் கொடுங்கள். பக்கத்து லைன் வீட்டு ஒடிசா, ஜார்க்கண்ட் அக்காக்களையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். தமிழ் வராவிட்டால் கம்பெனியில் கூட வேலை செய்கிற யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். 'விடுதலை' இரண்டு பாகமும் பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் வாங்கிய படம், குழந்தைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போட வேண்டாம்.