நார்ச்செடியும் லயத்துத் தோட்டமும்

கினிகத்தேனை குடும்ப நலக் கூட்டத்தில் பேசியது



"கஞ்சாவுக்கு அரசாங்கமே அனுமதி குடுத்துருச்சாமே, லயத்துக்குப் பின்னால நாலு செடி வச்சா என்ன?" என்று சில பிள்ளைகள் எங்களிடம் கேட்டார்கள். வைக்கக் கூடாது.

கயிறும் துணியும் செய்கிற நார்ச்செடியும் போதை தரும் கஞ்சாவும் ஒரே இனம்தான். நார் வகையில் போதைச் சத்து மிகக் குறைவு. இந்தியாவில் உத்தரகாண்ட் மாநிலம் 2018இல் இடம் கொடுத்ததும் அந்தச் சத்து 0.3 சதவீதத்துக்கு மேற்படாத வகைக்குத்தான். கண்ணால் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. பொலிஸ்காரர் இலையைத்தான் பார்ப்பார்.

நம் நாட்டில் ஏற்றுமதிக்காகப் பயிரிடுவதை ஆராயும் யோசனை 2022 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. 2025இல் மீரிகமையில் பயிரிட 7 வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி கிடைத்தது. அது அவங்களுக்கு மட்டும். நமக்கு 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகரமான ஔடதங்கள் கட்டளைச் சட்டம்தான்.

டொலர் வரும் என்கிறார்கள் ஒரு சாரார். பிள்ளைகள் கெட்டுப்போகும் என்கிறார்கள் மறு சாரார். இரண்டிலும் நியாயம் இருக்கு. ஆனால் லயத்துப் பின்புறத்துத் துண்டு நிலமே நம்மில் பலர் பெயரில் இல்லையே, அனுமதி மட்டும் எப்படி நம் பெயருக்கு வரும்?

"விதை தாறேன், விளைஞ்சா வாங்கிக்கிறேன்" என்று யாராவது வந்தால், அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்க. அதில் உங்க பேர் இல்லேன்னா விதையைக் கையாலும் தொடாதீங்க.