உருகி ஒன்றாகும் குழாய்கள்



மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது மணலடியில் ஊறும் கிணற்று நன்னீராகும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை உயிர்களையும் மனைகளையும் கொண்டு போனதோடு, கிணறுகளில் உவர்நீரையும் நிரப்பிச் சென்றது. குழாய்நீரின் அருமையை அன்று யாவரும் உணர்ந்தனர். அந்நீரை வீடு சேர்ப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்களே. குழாய் எவ்வளவு உறுதியாயினும், பொருத்து நெகிழ்ந்தால் நீர் மண்ணுக்கே போகும்.

பிளாஸ்டிக் இரு வகைப்படும். ஒன்று மெழுகு போன்றது. சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் சுட்டால் மீண்டும் இளகும். பொலிஎதிலீன், பொலிபுரொப்பிலீன், பீ.வீ.சீ. ஆகியவை இவ்வகையின. மற்றது அவித்த முட்டை போன்றது, இறுகினால் இறுகியதே. மீனவரின் கண்ணாடியிழைப் படகு இதற்குச் சான்று. அது வெடித்தால் சூடு காட்டிப் பயனில்லை. வெடிப்பைத் தேய்த்து, இழைப்பாய் வைத்துப் பிசின் பூசுவதே வழி. உருக்கியொட்டல், அதாவது வெல்டிங், முதல் வகைக்கே உரியது.

1933இல் இங்கிலாந்தில் கண்டறியப்பட்டது பொலிஎதிலீன். அதனாற் செய்த குழாய்களை எவ்வாறு இணைக்கின்றனர்? இரு குழாய்களையும் பொறியில் நேராகப் பிணித்து, முனைகளைச் சீவிச் சமனாக்குவர். ஏறத்தாழ 220 பாகை செல்சியஸ் சூடேறிய தட்டொன்றை இடையே வைப்பர். முனைகள் உருகியதும் தட்டை விரைந்து நீக்கி, ஒன்றோடொன்று அழுத்தி, ஆறும்வரை அசையாது பிடிப்பர். அப்பொழுது இருபுறத்து நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளும் ஒன்றுள் ஒன்று புகுந்து பின்னிக்கொள்கின்றன. செவ்வனே செய்த பொருத்து குழாயளவு வலிமையுடையது.

பீ.வீ.சீ. குழாய்க்குப் பூசும் திரவத்தைப் பலர் வெறும் பசையென எண்ணுவர். அது குழாயின் மேற்பரப்பைக் கரைத்து இளக்குகிறது. சூடின்றியே இரு பரப்பும் கலந்து ஒன்றாகின்றன. தொட்டி, வாளி முதலியவற்றின் வெடிப்பை வெப்பக்காற்றாலும் அதே இனக் கம்பியாலும் அடைக்கலாம். சிறு பொருள்களை, செவிக்கெட்டாதபடி வினாடிக்கு 20,000 தடவையோ அதற்கு மேலோ அதிரச் செய்து ஆலைகளில் ஒட்டுகின்றனர்.

இனம் இனத்தோடே சேரும். பொலிஎதிலீனும் பொலிபுரொப்பிலீனும் உருகினும் உறுதியாக ஒட்டா. பல பொருள்களின் அடியில் முக்கோணத்துள் ஓர் இலக்கம் இருக்கும். 2 கடினப் பொலிஎதிலீனையும், 3 பீ.வீ.சீ.யையும், 5 பொலிபுரொப்பிலீனையும் குறிக்கும். பீ.வீ.சீ.யைக் கருக விட்டால் நெஞ்சை அரிக்கும் ஐதரசன் குளோரைட்டு வாயு எழும்; ஆதலால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே அவ்வேலையைச் செய்தல் வேண்டும்.

பொருத்தைக் கெடுப்பவை மூன்று: அழுக்கு, காற்று, அவசரம். கையெண்ணெயும் மணலும் முனையிற் படலாகாது. கடற்காற்று தட்டின் சூட்டைக் குறைக்குமாதலின் மறைப்புக் கட்டுதல் நன்று. ஆறுமுன் பிடியைத் தளர்த்துவதும், நீரூற்றிக் குளிர்விப்பதும் பெருந்தவறு. அத்தகைய பொருத்து வெளியே அழகாயிருக்கும். பின்னொருநாள் நீரழுத்தத்தில் வெடிக்கும்.

குழாயை மண் மூடியபின் பொருத்தின் தரத்தைக் கண்ணாற் காண்பார் எவருமிலர். செய்தவனுக்கே அது தெரியும். ஊரார் அருந்தும் நீர் அவன் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். இத்தொழிலைப் பயிலும் இளைஞர் பொறியைக் கையாளக் கற்கு முன்னர், ஆறும்வரை காத்திருக்கக் கற்பாராக.