முதல் வகுப்பு ஆசிரியர்

(திருவண்ணாமலை இரமணாசிரமப் பகுதியில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் கட்டடத்தைப் பற்றிப் பேசுகிறோம்; பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டைப் பற்றிப் பேசுகிறோம்; முதலிடம் பெற்ற மாணவியின் படத்தைப் பதாகையில் பொறித்துப் பெருமை கொள்கிறோம். அதில் தவறில்லை. ஆனால், அந்த மாணவிக்கு ‘அ’ என்னும் எழுத்தை முதன்முதலில் காட்டியவர் யார் என்று கேட்பாருண்டோ? அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கவே இன்று வந்திருக்கிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்தப் பகுதி உலகறிந்த பகுதி. 1896-இல் இம்மலையடிக்கு வந்து சேர்ந்த இரமணர், 1902-ஐ ஒட்டிய காலத்தில் பேசாதிருந்தார். சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் வருவாய்த்துறை அலுவலர் கேட்ட கேள்விகளுக்கு மணலிலும் சிலேட்டிலும் எழுதியே விடை தந்தார். அந்த விடைகளே பின்னாளில் ‘நான் யார்?’ என்னும் நூலாயின. அவர் பாடிய அட்சரமணமாலையோ பெயரிலேயே எழுத்தைத் தாங்கி, எழுத்து வரிசையிலேயே நடக்கிறது. அவருடைய தத்துவத்தை ஏற்பதும் மறுப்பதும் அவரவர் உரிமை. இன்று நம் பேச்சு அதுவன்று. மணலில் எழுதிய சொல் கடல் கடந்து சென்றதென்றால், எழுதத் தெரிந்த ஒருவரும் படிக்கத் தெரிந்த ஒருவரும் எதிரெதிரே அமர்ந்திருந்தார்கள் என்பதே அதன் காரணம்.

இன்று அந்தச் செங்கம் சாலையில் நடந்து பாருங்கள். எங்கு நோக்கினும் பெயர்ப்பலகைகள். பல நாட்டு மக்களின் கைகளில் புத்தகங்கள். அவர்களுக்குத் தேநீர் ஆற்றித் தருபவர், பூக்கட்டி விற்பவர், ஆட்டோ ஓட்டுபவர், அறை பெருக்குபவர் ஆகியோர் வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பலகைகளைத் தடையின்றிப் படிக்கிறார்களா? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் 74 விழுக்காட்டினர். ஆண்களில் 83, பெண்களில் 65! அன்று நூற்றுக்கு முப்பத்தைந்து பெண்கள் எழுத்துக்கு வெளியே நின்றார்கள். அவர்கள் பலருடைய வீட்டிலும் பாடம் சொல்லித் தர ஆளேது? அந்தப் பிள்ளைக்கு முதல் வகுப்பு ஆசிரியரே முதல் துணை. பல நேரங்களில் அவரே கடைசித் துணையும்.

தோழர்களே! பள்ளிக் கதவைத் திறக்க இந்த நாடு நெடுங்காலம் போராடியது. அரைநாள் படிப்பு, அரைநாள் குலத்தொழில் என்று 1953-இல் வந்த திட்டத்தை எதிர்த்து நாடே எழுந்தது. அடுத்த ஆண்டே அது கைவிடப்பட்டது. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அது சத்துணவாக விரிந்தது. 2022-இல் காலை உணவும் வந்தது. பசி பிள்ளையைத் தடுக்கவில்லை. சாதி வாயிற்படியில் நின்று மறிக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கு வந்துவிட்டது. வந்த பிள்ளை படிக்கக் கற்றுக்கொண்டதா? இதுதான் இன்று எஞ்சி நிற்கும் போராட்டம். இதன் களம் சட்டமன்றமும் அன்று, மேடையும் அன்று. முதல் மூன்று வகுப்புகளின் அறைதான்.

எழுத்துச் சொல்லித் தருவது எளிய வேலை என்று எண்ணுவோர் பலர். தமிழுக்கு எழுத்து 247. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் இருநூற்றுப் பதினாறு, ஆய்தம் ஒன்று. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முன்னே நிற்கிறது. அதன் ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்றால் இருபுறமும் குறிகள். கல், தங்கம், பகல் ஆகிய மூன்றிலும் ஒரே ‘க’தான், ஒலியோ மூன்று. வீட்டில் ‘வந்துச்சு’ என்று கேட்ட பிள்ளை, புத்தகத்தில் ‘வந்தது’ என்று காண்கிறது. நரிக்குறவர் வீட்டுப் பிள்ளைக்கும் உருது பேசும் வீட்டுப் பிள்ளைக்கும் வீட்டு மொழியே வேறு. ஒரு பிள்ளை இவற்றுள் எங்கே தடுக்கி நிற்கிறது என்று கண்டறிந்து, அந்த இடத்திலிருந்து கைபிடித்து அழைத்துச் செல்வதே எழுத்தறிவிக்கும் ஆசிரியரின் பணி. நோயறியாமல் மருந்து தருவாருண்டோ?

பிள்ளையின் சுமையைக் குறைப்பது அரசியலின் கடமை என்பதை உணர்ந்தவர் பெரியார். ணா, றா, னா, லை போன்றவற்றுக்குத் தனித்தனி வடிவம் ஏன் என்று கேட்டு, 1935 முதல் தம் ஏட்டில் சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார். 1978-இல் தமிழ்நாடு அரசு அதனை ஏற்றது. ஓர் எழுத்தின் வளைவைத் திருத்த நாற்பதாண்டுக்கு மேல் ஆயிற்று! ஆனால் இன்று எந்தப் பிள்ளையும் அந்தப் பழைய வடிவங்களைக் கண்டு திகைத்து நிற்பதில்லை.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது முதலில் நொறுங்கியது இந்த அடித்தளமே. 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ வந்தது. 2022-இல் ‘எண்ணும் எழுத்தும்’ வந்தது. எட்டு வயதுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் பொருளுணர்ந்து படிக்கவேண்டும் என்பதும், அதனை 2025-க்குள் எட்டவேண்டும் என்பதும் அதன் இலக்காக இருந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கும் அந்த முறை, வயதை மட்டும் பார்க்காமல் பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்க்கச் சொல்கிறது. நல்ல முறை. ஆயினும், முறை தானே நடந்து வகுப்பறைக்குள் வந்துவிடாது. அதைச் சுமந்து வருபவர் ஆசிரியர்.

அந்த ஆசிரியரை நாம் எப்படி வைத்திருக்கிறோம்? உயர்வகுப்பு ஆசிரியருக்கு ஒரு மதிப்பு, ஒண்ணாம் வகுப்பு ஆசிரியருக்கு அதிலும் குறைந்த மதிப்பு. ஊதியப் படியிலும் இடைநிலை ஆசிரியர் கீழ்ப்படியில்தான். ஒரே வேலை செய்வோருக்குள்ளேயே, 2009-க்கு முன் சேர்ந்தவர், பின் சேர்ந்தவர் என்று ஊதிய வேறுபாடு ஏன் என்று அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று கேட்டதை நாடறியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய பணிகளுக்கன்றி ஆசிரியரை வேறு பணிக்கு அனுப்பலாகாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் இணையத்தில் விவரமேற்றும் வேலை வகுப்பு நேரத்தைத் தின்கிறது என்று ஆசிரியர்கள் குரலெழுப்ப நேர்ந்ததே! விதை விதைக்கும் நாளில் உழவனைக் கணக்கெழுத அழைத்துவிட்டு, அறுவடை நாளில் விளைச்சல் எங்கே என்று கேட்பது முறையாகுமா?

இன்னொன்று. இம்மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்குச் சென்று கட்டட வேலை செய்யும் குடும்பங்கள் ஏராளம். பாட்டியிடம் விடப்பட்ட பிள்ளை, இடையிடையே பள்ளியைவிட்டு நின்று திரும்பி வரும் பிள்ளை, இவர்கள்தாம் பின்வரிசைப் பிள்ளைகள். இவர்கள் பாடத்தை மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கேட்போர் படிப்பதாக எண்ணி மகிழ்வார்கள். மூன்றாம் வகுப்புக்குப் பிறகு எல்லாப் பாடமும் படித்தறியும் பாடமாகிவிடும். கணக்கின் கேள்வியையே படிக்க இயலாத பிள்ளை கணக்கில் எப்படித் தேறும்? அது வாய்மூடி உட்காரும். ஒருநாள் வராமலே நின்றுவிடும். ‘படிப்பு ஏறவில்லை’ என்று பிள்ளையின்மேல் பழி போடுவோம்.

ஆதலால் நான் மூன்றைக் கேட்கிறேன். அரசைக் கேட்கிறேன்: பயிற்சியிலும் மதிப்பிலும் ஊதியத்திலும் தொடக்க வகுப்பு ஆசிரியரை முன்வரிசையில் வையுங்கள், கற்பித்தல் அல்லாத வேலையைப் பிறரிடம் கொடுங்கள். தலைமையாசிரியர்களைக் கேட்கிறேன்: உங்கள் பள்ளியின் திறமைமிக்க ஆசிரியரை முதல் வகுப்புக்கு அனுப்புங்கள். பெற்றோரைக் கேட்கிறேன்: பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குச் செல்லுங்கள், அங்கே சுவருக்கு வண்ணம் பூசுவதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் படிக்கத் தெரியாமல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் கேட்கலாம்; கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. புத்தகத்தின் நடுவிலே ஒரு சொல்லைத் தொட்டுக்காட்டி, ‘இது என்ன?’ என்று பிள்ளையைக் கேளுங்கள். தயங்கினால் பிள்ளையை அடிக்காதீர்கள். ஆசிரியரிடம் சென்று சொல்லுங்கள். அவர் அந்தப் பிள்ளையோடு நாளும் அரைமணி நேரம் தனியே அமர வழி செய்து கொடுப்பது நம் அனைவரின் பொறுப்பு.

அந்த அரைமணி நேரத்தை அவருக்குப் பெற்றுத் தருவோம்.