ஓட்டு அவர்களுடையது, சேதி யாருடையது?

(இளைஞர்களும் வியாபாரிகளும் கலந்துகொண்ட மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பெரியவர்களே, கடையைச் சற்று முன்னதாகவே அடைத்துவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே, அன்புத் தம்பிமார்களே!

சென்ற கூட்டம் முடிந்து நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி வந்தார். "ஹஜ்ரத், மேலை நாட்டுத் தேர்தல், பேச்சுரிமை எல்லாமே பித்தலாட்டம்தானே? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்" என்றார். பக்கத்தில் நின்ற இன்னொரு தம்பி, "இல்லை ஹஜ்ரத், அங்கேதான் உண்மையான ஜனநாயகம் இருக்கிறது" என்றார். என் முன்னாலேயே இருவரும் வாக்குவாதத்தில் இறங்கிவிட்டார்கள். ஒரே வார்த்தையில் சொல்லும் விஷயமா இது? ஆகவே இன்றைக்கு ஒரே ஒரு நாட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிரிட்டன். நாடாளுமன்ற முறையை நாம் யாரைப் பார்த்து எடுத்துக்கொண்டோமோ, அந்த நாடு. நடந்ததைச் சொல்கிறேன். முடிவை நீங்களே எடுங்கள்.

1992 ஏப்ரல் 9-ஆம் தேதி அங்கே பொதுத் தேர்தல். ஆளும் கட்சியான கன்சர்வேடிவ் கட்சிக்குத் தலைவர் ஜான் மேஜர். எதிரே தொழிற்கட்சித் தலைவர் நீல் கின்னக். கின்னக் வந்துவிடுவார் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். அப்போது 'சன்' என்ற பத்திரிகை நாளொன்றுக்கு ஏறத்தாழ 35 லட்சம் பிரதிகள் விற்றுக்கொண்டிருந்தது. ஓட்டுப் போடும் நாளன்று காலை அதன் முதல் பக்கத்தில் ஒரு மின்விளக்கு. அதற்குள் கின்னக்கின் தலை. இவர் ஜெயித்தால், நாட்டை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போகட்டும் என்று கேலி வாசகம். மறு பக்கத்தின் வாதம் ஒரு வரி கூட அங்கே இல்லை. கின்னக் தோற்றார். மேஜர் 21 இடங்கள் பெரும்பான்மையில் ஜெயித்தார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 11-ஆம் தேதி, ஜெயித்துக் கொடுத்ததே நாங்கள்தான் என்று அதே பத்திரிகை முதல் பக்கத்தில் மார்தட்டிக்கொண்டது.

இந்தப் பத்திரிகையின் அப்போதைய முதலாளி ரூபர்ட் மர்டாக். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். அமெரிக்காவில் தொலைக்காட்சி நிலையங்களை வாங்க வேண்டுமானால் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும் என்று அங்கே சட்டம். அதற்காக 1985-இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அமெரிக்கக் குடிமகனுக்கு பிரிட்டனில் ஓட்டு கிடையாது. யோசித்துப் பாருங்கள். ஒரு சாதாரணப் பால்காரருக்கு அந்த நாட்டில் ஒரு ஓட்டு இருக்கிறது. இவருக்கு அது கூட இல்லை. ஆனால் 35 லட்சம் வீடுகளின் சாப்பாட்டு மேசையில் காலை நேரத்தில் பேசுகிற வாய் அப்போது இருந்தது!

ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். அந்தத் தேர்தலை உண்மையில் 'சன்'தான் ஜெயித்துக் கொடுத்ததா? ஆய்வாளர்கள் இன்றுவரை இதில் ஒத்துப்போகவில்லை. ஜெயிக்கிற குதிரை எது என்று பார்த்து அதன் மேல் பணம் கட்டுகிற பத்திரிகை அது என்பார்கள் ஒரு சாரார். அதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1997-இல் காற்று திரும்பியது, தொழிற்கட்சியின் டோனி பிளேர் பக்கம் போனது. 2009-இல் மறுபடி கன்சர்வேடிவ் பக்கம். 2024-இல் தொழிற்கட்சி ஜெயிக்கப் போவது ஊரறிந்த பிறகு, தேர்தலுக்கு முதல் நாள் ஆதரவு அறிவித்தது. நம் ஊரிலும் இப்படிப்பட்டவர்களை நாம் பார்த்ததில்லையா?

ஆக, ஓட்டை அது மாற்றியதோ இல்லையோ, அரசியல்வாதியை மாற்றியது. அதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். கின்னக்குக்கு நேர்ந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த டோனி பிளேர், தொழிற்கட்சித் தலைவரானதும் 1995 ஜூலையில் விமானம் ஏறி ஆஸ்திரேலியாவின் ஹேமன் தீவுக்குப் போனார். எதற்கு? மர்டாக் கம்பெனியின் மாநாட்டில் பேசுவதற்கு! தொழிலாளர் கட்சியின் தலைவர், முதலாளியின் சபைக்கு உலகைச் சுற்றிப் போகிறார்.

பிறகு 2011-இல், அதே முதலாளியின் இன்னொரு பத்திரிகையான 'நியூஸ் ஆஃப் தி வேர்ல்ட்' அடுத்தவர்களின் தொலைபேசிச் செய்திகளைத் திருட்டுத்தனமாகக் கேட்டது அம்பலமாயிற்று. அம்பலப்படுத்தியதும் ஒரு பத்திரிகைதான், 'கார்டியன்'. இதையும் சொல்லத்தான் வேண்டும். 168 வருடப் பத்திரிகை இழுத்து மூடப்பட்டது. நீதிபதி லெவிசன் தலைமையில் விசாரணை நடந்தது. 2012 ஏப்ரலில் மர்டாக் சத்தியப் பிரமாணம் செய்து, எந்தப் பிரதமரிடமும் தாம் எதுவும் கேட்டதில்லை என்றார். ஜூன் மாதம் ஜான் மேஜர் அதே கூண்டில் வந்து உட்கார்ந்தார். 1997 பிப்ரவரியில் இரவு விருந்தின்போது, ஐரோப்பா பற்றிய கொள்கையை மாற்றாவிட்டால் தன் பத்திரிகைகள் ஆதரிக்காது என்று மர்டாக் தம்மிடம் சொன்னதாக அவரும் சத்தியம் செய்து சொன்னார். மேஜர் மாற்றவில்லை. அந்த வருடமே தோற்றார். சத்தியம் செய்தவர்கள் இரண்டு பேர். ஆனால் ஒரு நாட்டின் பிரதமரையும் பத்திரிகை முதலாளியையும் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள்வி கேட்கும் ஏற்பாடு அங்கே இருந்தது. பித்தலாட்டம் என்று சொன்ன தம்பி இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

மற்றத் தம்பி குறித்துக்கொள்ள வேண்டியது வேறு. வட அயர்லாந்தில் ஷின் ஃபெய்ன் என்றொரு கட்சி. அதன் அப்போதைய தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் மக்கள் ஓட்டால் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1988 அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணை போட்டது. இந்தக் கட்சியினர் உட்படச் சில அமைப்பினரின் குரல் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிக்கக் கூடாது. முகத்தைக் காட்டலாம், குரல் கூடாது! தொலைக்காட்சிக்காரர்கள் என்ன செய்தார்கள்? நடிகர்களைக் கூப்பிட்டு அவர் பேச்சை டப்பிங் செய்தார்கள். தேர்தல் பிரசாரத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஓட்டுக் கேட்கும்போது சொந்தக் குரல், எண்ணி முடித்ததும் நடிகர் குரல். 1994 செப்டம்பர் வரை ஆறு வருடம் பேச்சுரிமையின் தாயகத்தில் இந்தக் கூத்து நடந்தது.

நம் சமுதாயத்தோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றையும் சொல்கிறேன். 2015 நவம்பரில், பிரிட்டிஷ் முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவருக்கு ஜிஹாதிகள் மேல் அனுதாபம் என்று 'சன்' முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டது. கருத்துக் கணிப்பில் கேட்ட கேள்வியில் ஜிஹாதி என்ற சொல்லே இல்லை. சிரியாவில் போராடுபவர்களோடு சேரப் போகும் இளம் முஸ்லிம்கள் மேல் அனுதாபம் உண்டா என்பதுதான் கேள்வி. அங்கே போராடியவர்கள் எத்தனையோ தரப்பினர். ஆயிரக்கணக்கானோர் பத்திரிகை ஒழுங்கமைப்பிடம் புகார் எழுதினார்கள். ஒரு முஸ்லிம் அமைப்பு வழக்கைப் பிடித்து நடத்தியது. 2016 மார்ச்சில், அந்தச் செய்தி வாசகரைக் கணிசமாகத் தவறாக வழிநடத்துவது என்று தீர்ப்பு வந்தது. பத்திரிகை அந்தத் தீர்ப்பைத் தன் பக்கத்திலேயே அச்சிட வேண்டியதாயிற்று. நான்கு மாதம் கழித்து! இடைப்பட்ட நான்கு மாதம் பேருந்திலும் பள்ளிக்கூடத்திலும் அந்தத் தலைப்பு யார் காதில் எல்லாம் விழுந்ததோ.

வியாபாரிகளே, இப்போது உங்கள் பக்கம் வருகிறேன். 1989 ஏப்ரல் 15-ஆம் தேதி ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கால்பந்துப் போட்டி. நெரிசலில் லிவர்பூல் ரசிகர்கள் நசுங்கினார்கள். காயத்தால் வருடங்கள் கழித்து இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 97 உயிர்கள். நான்காம் நாள் 'சன்' எழுதியது என்ன தெரியுமா? ரசிகர்கள் செத்தவர்களின் பாக்கெட்டில் திருடினார்கள், காவலர்கள் மேல் சிறுநீர் கழித்தார்கள் என்று! அதற்கு 'உண்மை' என்று தலைப்பு வேறு. முழுப் பொய்.

லிவர்பூல் மக்கள் பத்திரிகையைத் தெருவில் போட்டு எரித்தார்கள். அதே வருடம் ஜனவரியில் பிராட்ஃபோர்டு நகர முஸ்லிம்களும் சல்மான் ருஷ்டியின் புத்தகத்தை எரித்தார்கள். அவர்கள் மனக்காயம் எனக்குப் புரிகிறது. தெய்வ நிந்தனைச் சட்டம் அங்கே கிறிஸ்தவத்தை மட்டுமே பாதுகாத்தது. அந்தச் சட்டமே 2008-இல்தான் நீக்கப்பட்டது. ஆனால் நடந்தது என்ன? எரிகிற புத்தகத்தின் படம் உலகம் முழுவதும் போனது. ஏன் எரித்தார்கள் என்ற கேள்வி அந்தப் புகையில் மறைந்துபோனது. அந்தப் படத்தை இன்று வரை நம் முகத்துக்கு நேரே காட்டுகிறார்கள்.

லிவர்பூல்காரர்கள் எரித்ததோடு நிற்கவில்லை. மறுநாளிலிருந்து வாங்குவதை நிறுத்தினார்கள். பத்திரிகை விற்கும் சின்னச் சின்னக் கடைக்காரர்கள் கட்டை வாங்கி வைக்க மறுத்தார்கள். ஒரு பிரதிக்குச் சில காசு லாபம், அந்த லாபம் எனக்கு வேண்டாம் என்றார்கள். ஒரு மாதமா, இரண்டு மாதமா? 2012-இல் விசாரணைக் குழு உண்மையை வெளியிட்டு, பத்திரிகை முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. அப்போதும் விடவில்லை. 2016 ஏப்ரலில் ஜூரிகள், இது சட்டவிரோதக் கொலை, ரசிகர்கள் மேல் தவறில்லை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அப்போதும் விடவில்லை. அந்த ஊரில் அந்தப் பத்திரிகையை விற்காத கடைகள் இன்றும் உண்டு.

இதில் இன்னொரு செய்தி இருக்கிறது. 'சன்' பல வருடங்களாக ஐரோப்பிய ஒன்றியத்துக்கு எதிராக எழுதி வந்தது. அதை வாங்காமல் விட்ட லிவர்பூல் வட்டாரத்தில் அந்த எதிர்ப்பு உணர்வு குறைந்தது என்று இரண்டு ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2022-இல் அமெரிக்க அரசியல் ஆய்விதழ் ஒன்றில் எழுதினார்கள். சில்லறைக் கடைக்காரர்கள் செய்த காரியம் ஓர் ஊரின் அரசியல் மனதையே தொட்டிருக்கிறது!

"ஹஜ்ரத், இப்போது யார் பேப்பர் படிக்கிறார்கள், எல்லாம் செல்போன்தானே" என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுப்பது கேட்கிறது. சரிதான். 2021 ஜனவரியில் அமெரிக்க அதிபராக இருந்த டிரம்பின் கணக்கை ட்விட்டர் கம்பெனி மூடியது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் அந்தக் கம்பெனியையே 4,400 கோடி டாலருக்கு வாங்கினார். நவம்பரில் கணக்கு திறந்தது. மூடியதும் திறந்ததும் எந்த நீதிமன்றமும் இல்லை. கடையின் சாவி யார் கையில் இருந்ததோ அவர்கள். மர்டாக் காலத்துக் கதைதான், கடை மட்டும் மாறியிருக்கிறது. ஆனால் இந்தக் கடைக்கு லிவர்பூல் கடைக்காரரைப் போல இடையில் ஒருவர் கிடையாது. கட்டு நேரே உங்கள் கையில்தான் வந்து விழுகிறது, தம்பி. அதை அடுத்த பத்துப் பேருக்கு அனுப்பும் கடைக்காரரும் நீங்கள்தான்.

இஷாவுக்கு நேரமாகிவிட்டது. கேள்வி உள்ளவர்கள் துண்டுச் சீட்டில் எழுதி முன்னால் அனுப்புங்கள். தொழுகைக்குப் பிறகு உட்கார்ந்து பேசுவோம். அந்த இரண்டு தம்பிகளும் வந்திருந்தால், அவர்களுடைய சீட்டை முதலில் எடுக்கிறேன்.