எந்த மொழியில் சோதித்தீர்கள்?



அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மெக்சிகோ வழிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒன்பது பேர் மனவளர்ச்சி குன்றியோர் வகுப்பில் தள்ளப்பட்டனர். வீட்டு மொழி ஸ்பானிஷ். அறிவுச் சோதனையோ ஆங்கிலத்தில்! ஸ்பானிஷில் மறுபடி சோதித்தபோது, பெரும்பாலோர் அந்த வகுப்புக்கு உரியவர்களே அல்ல என்பது வெளிப்பட்டது. பெற்றோர் வழக்காடினர். 'டயானா வழக்கு' எனப்படும் அதில் 1970-ல் உடன்பாடு ஏற்பட்டது: இனித் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும், முன்பே தள்ளப்பட்டவர்களையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

உண்மையில் உதவி தேவைப்படும் பிள்ளைக்குத் தனி வகுப்பு உரிமை, அதில் வெட்கமில்லை. ஆனால் மராத்தியோ இந்தியோ புரியாமல் விழிக்கும் நம் பிள்ளையை மந்தம் என்று முத்திரை குத்தினால், கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்: "எந்த மொழியில் சோதித்தீர்கள்?"

தனியாகக் கேட்கத் தயக்கமா? சங்கத்துக்கு வாருங்கள், சேர்ந்து போய்க் கேட்போம்.