எண்ணுக்குப் பணியும் உளி

நீராவி எந்திரத்தைச் செப்பனிட்டு உலகப் புகழ் பெற்ற ஜேம்ஸ் வாட், 1800ஆம் ஆண்டில் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரை அடுத்த ஹாண்ட்ஸ்வர்த்தில் இருந்த அவருடைய இல்லத்தின் கூரையடி அறையொன்று, அதன்பின் அவருக்குப் பட்டறையாயிற்று. 1802இல் பாரிஸ் சென்றிருந்தபோது, பதக்கங்களைப் பார்த்துப் பிரதிசெய்யும் பொறியொன்றை அவர் கண்டார். பதக்கத்தைப் பிரதிசெய்ய முடியுமாயின் சிலையை ஏன் பிரதிசெய்ய முடியாது என்னும் எண்ணம் முதியவரைப் பற்றிக்கொண்டது. 1819இல் தமது எண்பத்து மூன்றாம் வயதில் காலமாகும் வரை, சிலைகளைப் பிரதிசெய்யும் பொறிகளை அவர் அந்த அறையில் உருவாக்கிக்கொண்டே இருந்தார். அவ்வறையில் இருந்த பொருள்கள் யாவும் 1924இல் இலண்டன் விஞ்ஞான அரும்பொருட்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்றும் அவற்றை அங்கே காணலாம்.

வாட் செய்த பொறியின் உட்பொருள் எளியது. ஒரே சட்டத்தில் ஓரிடத்தில் மழுங்கிய ஊசியொன்றும், மற்றோரிடத்தில் சுழலும் வெட்டலகு ஒன்றும் பொருத்தப்பட்டிருக்கும். ஊசி மூலச்சிலையின் மேடு பள்ளங்களைத் தடவிச் செல்லும். அலகு அதே அசைவுகளை அருகிலுள்ள கட்டியில் வெட்டிச் செல்லும். பொறிக்குக் கண் இல்லை. ஆனால் தொட்டறியும் விரல் இருந்தது. வீட்டிலே மரஞ்செதுக்கும் பொறி செய்ய முனைவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே. ஏனெனில், இன்று அவர்கள் செய்யும் பொறிக்கு அந்த விரலும் இல்லை.

சி. என். சி. ரவுட்டர் என வழங்கும் இப்பொறி, மூலச்சிலைக்குப் பதிலாக எண்களைப் பின்பற்றுகிறது. இடம் வலமாக இத்தனை மில்லிமீற்றர், முன் பின்னாக இத்தனை, மேல் கீழாக இத்தனை என்று கணினி ஆணையிட, சுழலும் அலகு அவ்வாறே நகர்ந்து மரத்தை வெட்டும். எண்களால் பொறியை ஆளும் எண்ணம் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஹெலிகொப்டர்ச் சிறகுகள் செய்துவந்த ஜோன் பார்சன்ஸ் என்பவரிடம் முளைத்தது. மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் அதனை மேற்கொண்டு, துளையிட்ட நாடாவைப் படித்து மூன்று திசைகளிலும் உலோகத்தை வெட்டும் பொறியொன்றை 1952இல் இயக்கிக் காட்டியது. அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பொறியைக் காட்டிலும் பெரிதாக இருந்தது. அத்தகைய பெட்டி இன்று உள்ளங்கை அகலமுள்ள ஒரு பலகைக்குள் அடங்கிவிட்டது. இத்தாலியில் 2005இல் தோன்றிய ஆர்டுவீனோ என்னும் மலிவான இலத்திரனியற் பலகையும், நோர்வே நாட்டவரான சிமென் ஸ்கோக்ஸ்ரூட் 2009இல் அதற்கென எழுதி எவரும் இலவசமாகப் பயன்படுத்துமாறு வெளியிட்ட ஜி. ஆர். பி. எல். என்னும் செய்நிரலுமே இதனைச் சாதாரணத் தச்சனின் கைக்கு எட்டச் செய்தன.

ஆயினும் இந்த மலிவுக்கு ஒரு விலை உண்டு. 1952ஆம் ஆண்டுப் பொறியில், அலகு சொன்ன இடத்தை அடைந்ததா என்று பார்த்து அறிவிக்கும் உறுப்புகள் இருந்தன. அடையாவிடில் பொறி தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். வீட்டுப் பொறியில் அவ்வுறுப்புகள் பெரும்பாலும் இல்லை. அதில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார் என்னும் எளிய மோட்டார். அது ஒரு முழுச் சுற்றை 200 அடிகளாக வைத்துச் சுழலும். ஓர் அடிக்கு 1.8 பாகை. ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பகுத்தால் ஒரு சுற்றுக்கு 1,600 நுண்ணடிகள். ஒரு சுற்றுக்கு 8 மில்லிமீற்றர் முன்னேறும் திருகு அதனுடன் இணைக்கப்பட்டிருந்தால், ஒரு மில்லிமீற்றருக்கு 200 நுண்ணடிகள் ஆகின்றன. தாளிலே போட்ட இக்கணக்கின்படி தலைமயிரின் தடிப்பிலும் மிகச் சிறிய அளவுக்கு அலகை நகர்த்தலாம். இக்கணக்கைக் கண்டு மகிழாத புதியவர் இல்லை. இதனால் ஏமாறாதவரும் குறைவு.

நிகழ்வது இதுதான். பலாப் பலகையொன்றில் பூவேலை நடந்துகொண்டிருக்கிறது. இரண்டு மணி நேரம் பழுதின்றிச் சென்ற அலகு, மரத்தின் கணுவொன்றில் ஆழமாக மாட்டிக்கொள்கிறது. மோட்டார் ஒரு கணம் திணறிச் சில அடிகளைத் தவறவிடுகிறது. கட்டுப்பாட்டுப் பலகைக்கு அது தெரியாது. ஆணையிட்டதெல்லாம் நிறைவேறியது என்றே அது எண்ணி, அடுத்த எண்ணை அனுப்புகிறது. அக்கணம் முதல் எஞ்சிய பூக்கள் அனைத்தும் இரண்டு மில்லிமீற்றர் விலகியே விழுகின்றன. கையால் செதுக்குபவன் கணுவைத் தொட்டவுடனே உளியைத் திருப்பியிருப்பான். பொறியோ, கெட்டுப்போன பலகையை வேலை முடியும்வரை வெகு கவனமாக மேலும் கெடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே, பொறிக்கு இல்லாத உணர்வை அதன் உடலிலே ஈடுசெய்ய வேண்டும். கணினியைப் பற்றியும் மோட்டாரின் வலிமையைப் பற்றியும் வாரக்கணக்கில் ஆராய்பவர்கள், சட்டத்தை ஒரே நாளில் முடித்துவிடுவது வியப்புக்குரியது. பொறியின் நேர்மை முழுவதும் சட்டத்தில் இருக்கிறது. மேசையின் இரு கரைகளிலும் காலூன்றி நிற்கும் பாலம் ஒன்று இதற்கு உண்டு. அதன்மேல் ரவுட்டர் தொங்கும். அகலமான பலகைகளையும் வெட்டலாம் என்று அந்தப் பாலத்தின் நீளத்தை இரு மடங்காக்கினால், அதே சுமைக்கு அது எட்டு மடங்கு வளையும். பாலத்தின் உயரத்தை இரு மடங்காக்கினாலோ, வளைவு எட்டில் ஒன்றாகக் குறையும். கூரைக்கு உத்தரம் வைக்கும்போது பலகையைத் தட்டையாகக் கிடத்தாமல் நிமிர்த்தி வைக்கும் தச்சன், இவ்விதியை எந்த நூலையும் படிக்காமலே அறிந்திருக்கிறான். முதற்பொறி செய்பவர் நான்கடி அகலத்துக்கு ஆசைப்படாமல் இரண்டடிக்குள் நிற்பதே நன்று. அவ்வாறே, இரு முனைகளில் மட்டும் தாங்கிய மெல்லிய உருளைக் கம்பிகளின்மேல் பாலத்தை ஓடவிடுவது, விலை குறைவு என்பதால் பலர் விரும்பிச் செய்யும் பிழை. அடிமுழுதும் தாங்கப்பட்ட வழிக்கம்பிகளே அலகின் உதைப்பைத் தாங்கும்.

அடுத்தது செங்கோணம். பாலத்தின் ஒரு கால் முந்தி மறுகால் பிந்தினால், வெட்டப்படும் சதுரம் எல்லாம் சாய்ந்துவிடும். இதனைச் சோதிக்கச் சிறந்த வழி, அலகுக்குப் பதிலாகப் பேனா ஒன்றைக் கட்டிக் காகிதத்தில் பெரிய சதுரம் வரையச் செய்வது. இரு மூலைவிட்டங்களையும் அளந்து, அவை சமமாக இருந்தால் பாலம் நேராக நிற்கிறது. பின்னர் ஒரு வட்டம் வரையச் செய்க. வட்டத்தின் நான்கு புறங்களிலும் சிறு தட்டை தெரிந்தால், திருகுக்கும் சுரைக்கும் இடையே தளர்வு உண்டு. அலகு திசை திரும்பும்போதெல்லாம் திருகு வெறுமனே சிறிது சுழல்கிறது என்பதே பொருள். வில்லால் இறுக்கிய இரட்டைச் சுரை அதனைப் போக்கும். காகிதமும் பேனாவும் சில சதத்துக்குக் கண்டுபிடித்துவிடும் குற்றத்தைத் தேக்குப் பலகையின்மேல் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

வெட்டும் முறையிலும் பொறுமை வேண்டும். ஓர் அடிச் சதுரத்தில், அதாவது ஏறக்குறைய 300 மில்லிமீற்றர்ச் சதுரத்தில், இலையும் கொடியுமாக ஒரு சித்திரம் என்று கொள்வோம். முதலில் தடித்த அலகால் மேலோட்டமாக, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேற்படாமல், வேண்டாத மரத்தைக் களைய வேண்டும். பின்னர் நுனி உருண்ட மெல்லிய அலகு, 0.3 மில்லிமீற்றர் இடைவெளியில் கோடு கோடாக உழுது செல்லும். அப்படியானால் ஆயிரம் கோடுகள். மொத்தம் 300 மீற்றர் பயணம். நிமிடத்துக்கு ஒன்றரை மீற்றர் வேகத்தில் சென்றாலும் மூன்று மணி இருபது நிமிடம் பிடிக்கும். அலகு ஒரே இடத்தில் சுழன்று நிற்க நேர்ந்தால் மரம் கருகும், தீயும் பற்றலாம். ஆகையால் இந்த நேரம் முழுவதும் ஆள் அருகில் இருக்க வேண்டும். அவசரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது முதன்முதலில் செய்ய வேண்டிய ஏற்பாடு. தேக்கு மரத்தில் மணலின் தன்மையுள்ள சிலிக்கா இருப்பதால் அலகு விரைவில் மழுங்கும் என்பதையும் கருத வேண்டும். மழுங்கிய அலகே மோட்டாரை அதிகமாகத் திணறச் செய்வது.

தூசியைச் சிறு தொல்லை என்று ஒதுக்கலாகாது. மரத்தூள் மனிதரில் புற்றுநோயை உண்டாக்க வல்லது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுதியில் வகுத்துக் கூறியது. உளிச் செதுக்கில் சுருள்களாக உதிரும் மரம், ரவுட்டரில் கண்ணுக்குத் தெரியாத பொடியாக மிதக்கிறது. அலகின் அருகிலேயே தூசியை உறிஞ்சும் குழாயும், செதுக்குபவருக்கு முகமூடியும் கட்டாயம் வேண்டும்.

இத்தனையும் செய்த பின்னரும் பொறியால் முடியாத வேலை ஒன்று எஞ்சியிருக்கும். மூன்று திசைப் பொறியில் அலகு எப்போதும் மேலிருந்தே இறங்குகிறது. மேலிருந்து நோக்கும்போது மறைந்திருக்கும் இடத்தை அதனால் தொட இயலாது. கொடியின்மேல் படிந்து வளையும் இலையின் அடிப்புறத்தைக் குடைந்து, இலையைக் கொடியிலிருந்து பிரித்துக் காட்டும் வேலை அத்தகையது. பொறி விட்டுச்சென்ற பலகையில் இலைகள் யாவும் கொடியோடு ஒட்டிய மேடுகளாகவே இருக்கும். வெளிச்சம் பட்டாலும் அவற்றின் கீழே நிழல் விழாது. அந்த நிழலுக்காக மோட்டாரை நிறுத்திப் பலகையைக் கழற்றி, மரத்தின் இழை எப்பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, கொட்டாப்புளியையும் வளைந்த உளியையும் எடுக்க வேண்டியிருக்கிறது.