வையாவிருத்தியம்: இல்லத்தில் செய்யும் தவம்

(ஸ்ரீ மகாவீர ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

 

தவம் என்றவுடன் உபவாசமும் ஊண் குறைத்தலும் நினைவுக்கு வருகின்றன. அவை புறத்தவங்கள். உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரம் அகத்தவங்கள் ஆறனையும் கூறுகிறது. பிராயச்சித்தம், விநயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் என்பன அவை. மூன்றாவதாகிய வையாவிருத்தியம் என்பது தொண்டு. தொண்டுக்குரியவர் பதின்மர் என வகுக்கும் அந்நூல், நோயுற்ற துறவியைத் தனியே எண்ணிச் சொல்கிறது. துறவியர் சங்கத்திற்கு வகுத்த அந்நெறி இல்லறத்தார்க்கும் வழிகாட்டும். உபவாசம் பாரணையோடு நிறைவுறும். நோயாளியைப் பேணும் தவத்திற்குப் பாரணை நாள் குறிக்கப்பெறுவதில்லை. தலைக்காயமுற்ற ஒருவரைப் பேணும் குடும்பம் இதனை நாள்தோறும் உணர்கிறது.

வந்தவாசி, திண்டிவனம், ஆரணி, செஞ்சி வட்டாரங்களில் வயலுக்கும் பள்ளிக்கும் கடைக்கும் செல்வோர் பலர் இருசக்கர வாகனத்திலேயே செல்கின்றனர். அவ்வாறு சென்ற ஓர் ஆசிரியர் சாலையில் விழுந்து தலையில் அடிபட்டார் என்று கொள்வோம். 108 வாகனம் அவரை மருத்துவமனை சேர்க்கிறது. தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில், விபத்துக்குப் பிந்திய முதல் 48 மணி நேரச் சிகிச்சை வரையறுத்த அளவில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அங்கே குடும்பத்தாரின் காதில் விழும் புதிய சொல் கிளாஸ்கோ கோமா அளவுகோல். 1974 முதல் வழக்கில் உள்ள இம்முறை, கண் திறத்தல், பேச்சு, உடலசைவு மூன்றையும் நோக்கி 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுகிறது. அது அந்த வேளையின் நிலையை உரைக்கும் எண்ணே ஆகும். வருங்காலம் முழுவதையும் உரைக்கும் தீர்ப்பன்று.

சில நாளில் ஆசிரியர் கண் விழிக்கிறார். சில வாரத்தில் வீடு திரும்புகிறார். உறவினர் ஜினாலயத்தில் பூசை செய்து மகிழ்கின்றனர். குடும்பத்தின் உண்மையான சோதனை அதன் பின்னரே தொடங்குகிறது.

தையல் ஆறிவிட்டது, நடக்கிறார், உண்கிறார். ஆயினும் காலையில் கேட்ட கேள்வியையே ஐந்து முறை கேட்கிறார். ஒரு காலத்தில் அதிர்ந்து பேசாதவர் உணவுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். குளிக்கச் சொன்னால் ‘சரி’ என்கிறார். ஒரு மணி நேரம் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். பேரப்பிள்ளைகளின் இரைச்சலும் தொலைக்காட்சியின் ஒளியும் அவரைத் துன்புறுத்துகின்றன. பார்க்க வந்தோர், “ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்; வேண்டுமென்றே செய்கிறார்” என்று சொல்லிச் செல்கின்றனர்.

அச்சொல் பிழையானது. மூளையின் முன்பகுதியே சினத்தை அடக்குவதற்கும், ஒரு செயலைத் தொடங்குவதற்கும், வரிசைப்படுத்துவதற்கும் பெரிதும் துணைபுரிகிறது. அப்பகுதி அடிபட்டால் கை கால்கள் நலமாக இருந்தும் செயல் தொடங்காது. காண்போர்க்குச் சோம்பலாகத் தோன்றுவது காயத்தின் விளைவு. எலும்பு முறிவைக் கட்டுக் காட்டும். இக்காயத்தைக் காட்டப் புறத்தே ஓர் அடையாளமும் இல்லை.

இவ்விடத்தில் நற்காட்சியின் எட்டு அங்கங்களை நினைவு கொள்ளல் தகும். அருங்கலச்செப்பு விளக்கும் அவ்வெட்டில் நான்கு நோயாளியின் அறைக்குள்ளேயே பயில வேண்டியவை.

முதலாவது நிர்விசிகிச்சை, அருவருப்பின்மை. இதற்கு எடுத்துக்காட்டு உத்தாயன மன்னன். நோயுற்ற முனிவர் வடிவில் தேவன் ஒருவன் அவனைச் சோதிக்க வந்து, ஏற்ற உணவை மன்னன்மீதும் அரசிமீதும் உமிழ்ந்தான். மன்னனோ, ஒவ்வாத உணவை அளித்துவிட்டோமே என்று தன்னையே நொந்து, அவரைத் தூய்மை செய்தான். படுக்கை மாற்றும் மனைவியும், வாயில் வழிவதைத் துடைக்கும் மகனும் செய்வது அம்மன்னன் செய்ததே.

இரண்டாவது உபகூகனம், பிறர் குறையை மறைத்தல். நோயாளி சினத்தில் சொன்ன சொல்லை ஊரார்க்கு எடுத்துரைப்பது இவ்வறத்திற்கு மாறானது. நலம் பெறும்போது அவர் அவ்வூரார் முகத்திலேயே விழிக்க வேண்டியவர். மருத்துவரிடம் மட்டும் அதனை மறையாது சொல்லல் வேண்டும்.

மூன்றாவது ஸ்திதிகரணம், தளர்ந்தவரை நிலைநிறுத்தல். நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுதல், உண்ணல், உறங்கல் என்னும் ஒழுங்கு நினைவு குன்றியவர்க்கு ஊன்றுகோல். சுவரில் ஒரு பலகையில் கிழமையும் அன்றைய வேலைகளும் எழுதப்பெறலாம். “குளித்துவிட்டு வாருங்கள்” என்பதற்கு மாறாக, “துண்டை எடுத்துக்கொள்ளுங்கள்” என ஒவ்வொரு படியாகச் சொன்னால் அவரால் இயலும். இயன்றதை அவரே செய்ய விடுதலும் தொண்டே. இயன்முறை, பேச்சு, செயல்முறைப் பயிற்சிகளைப் பாதியில் நிறுத்துதல் கூடாது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலும் இதற்கெனத் துறைகள் உள்ளன. முதல் ஆறு திங்களில் முன்னேற்றம் விரைவாகத் தோன்றும். பின்னர் மெதுவாக ஆண்டுக்கணக்கில் தொடரக்கூடும்.

நான்காவது வாத்சல்யம், கைம்மாறு கருதாத அன்பு. நன்றி சொல்லக்கூட நினைவற்றவரிடம் செலுத்தும் அன்பே அப்பெயர்க்கு முற்றும் உரியது.

சமண இல்லங்களுக்கே உரிய ஐயங்களும் சில எழும். இரவுணவு நீத்த வீட்டில் இரவு மாத்திரை பற்றித் தயக்கம் வரும். பர்வ நாளில் நோயாளி உபவாசம் வேண்டுவார். மாத்திரை உறையில் விலங்குப் பொருள் உள்ளதோ என்னும் கவலை தோன்றும். இவற்றை மருத்துவரிடம் முன்பே உரைத்தால், வேளையையோ மருந்தின் வடிவையோ மாற்ற இயலுமா என அவர் ஆராய்வார். தாமாக நிறுத்துவது பெருந்தீங்கு. வலிப்பு மருந்து திடீரென நின்றால் வலிப்பு மீளும் அபாயம் உண்டு. விரதம் ஆற்றலுக்கு ஏற்பக் கொள்வது; ஔடத தானமோ நான்கு தானங்களுள் ஒன்று.

“முன் செய்த வினை, அனுபவிக்கிறார்” என்னும் பேச்சு நோயாளியின் காது கேட்க எழுவதுண்டு. வினைக்கொள்கை தன்னைத் தான் ஆராய்வதற்கு உரைக்கப்பெற்றது. அடுத்தவர் புண்ணில் கோலிடுவதற்கு அன்று. அதே கொள்கை மற்றொன்றையும் கூறுகிறது. அறிவு உயிரின் இயல்பு. வினை அதனை மறைக்குமேயன்றி அழிக்காது. நிகோத நிலையில் உள்ள உயிரிடத்தும் அறிவின் ஒரு சிறு கூறு மறைபடாது நிற்கிறது. ஆகவே, பேசாது படுத்திருப்பவரை இல்லாதவர்போல் எண்ணி அவர் முன் பேசுதல் சமணர்க்குத் தகாது. பெயர் சொல்லி அழைத்து, செய்யப்போவதைச் சொல்லியே தொட வேண்டும்.

இனி, பேணுபவரின் நிலை. இறந்தவர்க்காக அழுவதற்கு முறைகள் உண்டு; உறவினர் வந்து உடனிருப்பர். கணவர் உயிரோடிருந்தும் பழைய கணவராக இல்லாத மனைவியின் துயரத்திற்கு முறையும் இல்லை, நாளும் இல்லை. சிலர் பழைய தொழிலுக்கு மீள்வர். சிலர் ஒரு பகுதியே மீள்வர். எவர் எவ்வளவு மீள்வார் என்பது தொடக்கத்தில் புலப்படாது. அந்நிலையில் அவள் சலித்துக்கொள்வதும் சினப்பதும் இயல்பு. அதற்காக அவளைப் பழித்தலும் ஒரு ஹிம்சையே. அவளுக்கு உறக்கமும், வாரத்தில் சில மணி நேர ஓய்வும் கிடைக்கச் செய்தல் குடும்பத்தாரின் கடன்.

ஊராரின் கடனும் உண்டு. முதல் வாரத்தில் பழங்களோடு கூட்டமாக வருவோர் ஆறாம் திங்களில் வருவதில்லை. அப்போதுதான் சேமிப்பு கரைந்திருக்கும், விடுமுறை தீர்ந்திருக்கும், உடன்பிறந்தோரும் களைத்திருப்பர். ஒருவர் பயிற்சிக்கு அழைத்துச் செல்லலாம். ஒருவர் மாலையில் ஒரு மணி நேரம் அவருடன் அமர்ந்து, அவருக்குப் பழக்கமான துதியை மெல்லச் சொல்லலாம். ஒருவர் பிள்ளைகளின் படிப்பைப் பார்க்கலாம். “ஏதாவது வேண்டுமா?” என்று கேட்பதினும், “செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன்” என்று சொல்வது மேல்.

இளைஞர்கள் தலைக்கவசம் அணிந்து, அதன் வாரையும் மாட்டிச் செல்வார்களாக. எறும்புக்கும் தீங்கு நேராது நடக்கக் கற்ற மரபு, தன் தலையையும் எதிரே வருபவர் தலையையும் காத்தல் முறையன்றோ?

பெருமான் திருநாளில் பலரும் விரதம் ஏற்பர். இவ்வாண்டு ஒவ்வொரு குடும்பமும் தன் ஊரில் நெடுநாள் நோயுற்றிருக்கும் ஒருவர் வீட்டுக்கு, திங்கள்தோறும் ஒருமுறை சென்று ஒரு வேலையேனும் செய்வதாக விரதம் ஏற்குமாயின், வையாவிருத்தியம் ஏட்டிலிருந்து இறங்கி ஊரில் நடமாடும்.

வாழ்க ஜின தருமம்! வளர்க அகிம்சை!